மகன் சொன்ன தாயும் மகள் கண்ட தாயும்

தாயைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டதும் பாடப்பட்டதும் கொஞ்சநஞ்சமல்ல. சங்கப் பாடல், பிள்ளைத்தமிழ், தாலாட்டு, மேடைப் பேச்சு, திரைப்படம், வார இதழ், தொலைக்காட்சித் தொடர் என்று ஒரு பக்கம். மானிடவியல், சமூகவியல், மக்கள்தொகைக் கணக்கு, பெண்ணிய ஆய்வு என்று இன்னொரு பக்கம். முதல் வகை நமக்கெல்லாம் வாய்ப்பாடம். இரண்டாவது வகை பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுப் பல்கலைக்கழக நூலகங்களில் அடைபட்டுக் கிடக்கிறது. இரண்டும் ஒரே தாயைப் பற்றித்தான் பேசுகின்றன. ஆனால் ஒன்றையொன்று சந்தித்துக்கொள்வதில்லை. அவற்றை ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் முயற்சி.

இப்படி ஒப்பிட முற்படும்போது வழக்கமாக ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். படித்தவர்கள், "ஆய்வு உண்மை சொல்கிறது, சினிமா மிகைப்படுத்துகிறது" என்பார்கள். மற்றவர்கள், "புத்தகப் புழுக்களுக்குத் தாய்ப்பாசம் என்ன தெரியும்?" என்பார்கள். இரண்டையும் ஓரளவு படித்தும் பார்த்தும் வந்தவன் என்ற முறையில் எனக்கு இந்தக் கோடு தவறான இடத்தில் போடப்பட்டிருப்பதாகவே தோன்றுகிறது. ஆய்வு, வெகுஜனம் என்ற பிரிவைவிட முக்கியமான பிரிவு ஒன்று உண்டு. தாயைப் பற்றிப் பேசும் வாய் மகனுடையதா, மகளுடையதா, அல்லது தாயே பேசுகிறாளா என்பதுதான் அது. இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் சில ஆய்வு நூல்கள் சினிமாவின் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கின்றன; சில சினிமாக்கள் ஆய்வின் பக்கம் வந்துவிடுகின்றன.

முதலில் சினிமாத் தாய். 1956-இல் 'தாய்க்குப்பின் தாரம்', 1961-இல் 'தாய் சொல்லைத் தட்டாதே', 1962-இல் 'தாயைக் காத்த தனயன்', 1964-இல் 'தெய்வத்தாய்'. நான்கிலும் எம்.ஜி.ஆர். தலைப்புகளை மட்டும் எடுத்து இலக்கணப்படி பிரித்துப் பாருங்கள். தாய் எங்கே நிற்கிறாள்? தாரத்துக்கு முன்னால் வைக்கப்படுகிறாள், அவள் சொல் தட்டப்படாமல் இருக்கிறது, அவள் காக்கப்படுகிறாள், தெய்வமாக்கப்படுகிறாள். செய்கிறவன் எங்கும் மகன்தான். தாய் செயப்படுபொருள். 1954-இல் வந்த 'மனோகரா'வில் கண்ணாம்பா நடித்த பத்மாவதி இதற்கு விதிவிலக்கு போலத் தெரியும். அந்தக் கடைசிக் காட்சியில் சங்கிலியை அறுத்தெறிய மகனை ஏவுகிறவள் அவள்தான். அவள் குரலின் கம்பீரத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனாலும் அங்கேயும் சங்கிலியை அறுப்பது சிவாஜியின் கை. அந்தத் தாயின் கோபம் மகனின் உடம்பு வழியாகத்தான் உலகத்துக்குள் வர முடிகிறது.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. இந்தச் சினிமாத் தாய் ஏன் எப்போதும் விதவையாகவோ கணவனால் கைவிடப்பட்டவளாகவோ, தையல் இயந்திரம் சுற்றுகிறவளாகவோ இருக்கிறாள் என்று கேட்டால் அதற்குப் பதில் திரையுலகில் மட்டும் இல்லை, சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1937-ஆம் ஆண்டுச் சட்டம் இந்து விதவைக்குக் கணவன் சொத்தில் கொடுத்தது வரையறுக்கப்பட்ட அனுபவ உரிமையை மட்டுமே. 1956-இல் வந்த வாரிசுரிமைச் சட்டம்தான் அதை முழு உரிமையாக்கியது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு திருத்தம் கொண்டுவந்தது 1989-இல்; நாடு முழுமைக்கும் 2005-இல். ஆக, ஐம்பதுகளில் கொட்டகையில் உட்கார்ந்து அழுத பெண்ணுக்கு மகன் என்பவன் பாசம் மட்டுமில்லை, வயதான காலத்துக்கான ஒரே சொத்துப் பத்திரமும் அவன்தான். அந்தப் படங்கள் பொய் சொல்லவில்லை. ஒரு பயத்தைப் பாசம் என்ற பெயரில் பாடின. இந்த இடத்தில் சட்ட வரலாறும் டூரிங் டாக்கீஸும் ஒன்றுக்கொன்று உரையெழுதிக் கொள்கின்றன.

மேடைப் பேச்சுக்கு வருவோம். அங்கே தாய் என்றால் உடனே புறநானூறு. முதுகில் புண்பட்டு மாண்டான் என்று யாரோ சொல்லக் கேட்டு, அப்படியாயின் பால் கொடுத்த மார்பை அறுப்பேன் என்று வாளோடு களத்துக்குப் போகும் முதியவள் (278). முதல் நாள் தந்தையையும் அடுத்த நாள் கணவனையும் இழந்தபின் ஒரே மகனுக்கு எண்ணெய் தடவித் தலைவாரி வேல் கொடுத்து அனுப்பும் பெண் (279). பெற்று வளர்ப்பது என் கடமை, மற்றவை மற்றவர் கடமை என்று பங்கு பிரிக்கும் தாய் (312). திராவிட இயக்க மேடைகளில் இந்த மூவரும் ஏறாத கூட்டம் குறைவு. நம் சங்க விழாக்களில் நடக்கும் பேச்சுப் போட்டிகளிலும் 'அன்னை' என்று தலைப்புக் கொடுத்தால் பத்துக்கு எட்டுப் பிள்ளைகள் இந்த மூன்றில் ஒன்றில்தான் தொடங்கும். மாட்டுங்காவில் பிறந்து இந்தியில் கனவு காணும் பிள்ளை, மார்பறுப்பேன் என்ற முதியவளைப் பற்றி மூச்சுவிடாமல் பேசும்போது கைதட்டாமல் இருக்க முடியாது, சரிதான்.

என் வாதத்துக்கு இங்கே ஓர் இடைஞ்சல் உண்டு, அதை மறைக்கக் கூடாது. இந்த மூன்று பாட்டையும் பாடியவர்கள் காக்கைபாடினியார் நச்செள்ளையார், ஒக்கூர் மாசாத்தியார், பொன்முடியார். மூவரும் பெண்கள். அப்படியானால் இது மகன் வாய்மொழி என்று எப்படிச் சொல்வது? என் விடை இது: பாடியவர் பெண் என்பதால் மட்டும் பேசுவது தாய் ஆகிவிடாது. புறத்திணைக்கு ஒரு மரபு இருக்கிறது. அந்த மரபில் தாய் வீரத்தின் ஊற்றாக வரவேண்டும். மன்னனின் படைக்கு அவள் தேவை. மூன்று பெண்பாற் புலவர்களும் அந்த மரபுக்குள் நின்று அபாரமாகப் பாடினார்கள். 279-இல் ஒக்கூர் மாசாத்தியார் ஒரு வேலை செய்திருக்கிறார். அந்தப் பெண்ணைப் பார்த்து வியப்பவர் குரலில் ஒரு நடுக்கமும் இருக்கிறது, இவளுடைய துணிவு கெடட்டும் என்ற பொருளில்தான் பாட்டே தொடங்குகிறது. உரைகாரர்கள் அதை வியப்பின் வழக்கு என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அவ்வளவு சுலபமாக நகர முடியவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. அதே சங்க இலக்கியத்தில் அகப்பாடல்களில் வேறு தாய்மார்கள் இருக்கிறார்கள். நற்றாய், செவிலி என்று இருவர். பெற்றவள் ஒருத்தி, வளர்த்தவள் ஒருத்தி. இந்த இரண்டு பேரும் பேசுவது பெரும்பாலும் மகளைப் பற்றி. நற்றிணை 110-இல் போதனார் பாடும் செவிலி, மகளுடைய புகுந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்து பேசுகிறாள். பொற்கிண்ணத்தில் தேன் கலந்த பாலை வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாலும் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்த பெண், இன்று கணவன் வீட்டு வறுமையில் ஒரு பொழுது விட்டு ஒரு பொழுது உண்கிறாள். அப்பன் வீட்டுச் சோற்றை நினைத்தும் பார்க்கவில்லை. இந்த அறிவு இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறாள். குறுந்தொகை 167-இல் கூடலூர் கிழார் காட்டும் பெண் தயிர் பிசைந்த விரலைக் கட்டியிருந்த துணியிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் பட, புளிக்குழம்பு வைக்கிறாள்; கணவன் நன்றாக இருக்கிறது என்று சொல்லி உண்ண, அவள் முகம் மெல்ல மலர்கிறது. இதையும் செவிலிதான் பார்த்துவிட்டு வந்து நற்றாயிடம் சொல்கிறாள். தாய்மை என்றால் எட்டி நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பி வருவது என்று அறிந்த கவிதைகள் இவை. கல்லூரி வகுப்பில் இவை உண்டு. மேடையில் கிடையாது. பாட்டு ஒரே தொகை மரபைச் சேர்ந்தது. மேடை எடுத்துக்கொண்டது மகனைப் பெற்ற தாயை, விட்டுவிட்டது மகளைப் பெற்ற தாயை. இந்தத் தேர்வு தற்செயலானது என்று என்னால் நம்ப முடியவில்லை.

இந்தத் தேர்வைத்தான் சி.எஸ்.லக்ஷ்மி 1990-இல் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில் எழுதிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றில் கேள்விக்கு உட்படுத்தினார். தாய், தாய்ச் சமூகம், தாய் அரசியல் என்று அதன் தலைப்பு விரியும். தமிழ்நாட்டு அரசியல் தாய் என்ற உருவத்தை எப்படிக் கட்டி எழுப்பியது, கற்பும் வீரமும் தாய்ப்பாலும் எப்படி ஒன்றாகப் பிசையப்பட்டன என்று அதில் காட்டினார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1997-இல், சுமதி ராமசாமி தமிழன்னை என்ற உருவத்தைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். இருவரும் சொன்னதில் கசப்பு உண்டு; ஆனால் சான்று இல்லாமல் பேசவில்லை. இவற்றுக்குத் தமிழில் ஒழுங்கான விவாதம் நடந்திருந்தால் நம் பிள்ளைகளின் பேச்சுப் போட்டி கொஞ்சம் மாறியிருக்கும்.

இனி நான் அதிக நேரம் செலவிட்ட புத்தகத்துக்கு வருகிறேன். மார்கரெட் ட்ராவிக் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1990-இல் வெளியிட்ட நூல், 'ஒரு தமிழ்க் குடும்பத்தில் அன்பைப் பற்றிய குறிப்புகள்' என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். எழுபதுகளின் நடுவில் தமிழ்நாட்டுக் கிராமக் குடும்பம் ஒன்றோடு தங்கி, அந்த வீட்டுப் புலவரிடம் திருக்கோவையார் பாடம் கேட்டுக்கொண்டே, அந்த வீட்டில் யார் யாரை எப்படி நேசிக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டவர். அன்பு என்பதை விளக்க அவர் வெளிநாட்டுக் கோட்பாட்டுச் சொற்களைத் தேடவில்லை. அடக்கம், பழக்கம், கொடுமை, அழுக்கு, பணிவு, எளிமை, அடிமை, மயக்கம் என்று அந்த வீட்டார் வாயில் புழங்கிய சொற்களையே அத்தியாயத் தூண்களாக நட்டார். பாருங்கள், கொடுமையும் அழுக்கும் அன்பின் பட்டியலில் வருகின்றன! படிக்கும் தமிழருக்கு முதலில் கொஞ்சம் கோபம் வரும். பிறகு சொந்த வீட்டை நினைத்தால் சிரிப்பு வரும்.

அவர் கண்ட முக்கியமான விஷயம் அடக்கம். தாயின் அன்புதான் எல்லா அன்பிலும் பலமானது, ஆகவே அதுதான் அதிகம் மறைக்கப்பட வேண்டியது. தூங்கும் குழந்தையை ஆசையோடு உற்றுப் பார்க்கக் கூடாது. பெற்றவள் கண்ணே முதலில் படும். அழகான குழந்தைக்குக் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைத்து அழகைக் குறைக்க வேண்டும். பெற்றவள் தன் பிள்ளையை மற்றவர் எதிரில் கொஞ்சமாட்டாள். ஓரகத்தி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். தன் பிள்ளையை அவள் அதட்டும்போது இன்னொருத்தி அணைத்துக்கொள்வாள். இப்படிக் குழந்தை யாருடையது என்பதே மங்கிப்போகும் ஒரு மயக்கம். அதுதான் அந்த வீட்டைச் சேர்த்துக் கட்டும் கயிறு என்கிறார் ட்ராவிக்.

இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று எந்தப் பாட்டியும் கேட்பாள். "புள்ளைய அப்பிடிப் பாக்காதடி, கண்ணு பட்டுரும்" என்று மருமகளை அதட்டாத மாமியார் உண்டா? பெற்ற பிள்ளைக்குக் குப்பன், பிச்சை என்று பெயர் வைத்தது எதற்காக? மேலே சொன்னதெல்லாம் நம்ம ஊரில் எழுதப்படாத பாடம். ஆகவே இங்கே ஆய்வும் வழக்காறும் ஒரே பக்கம் நிற்கின்றன. எதிர்ப்பக்கத்தில் நிற்பது சினிமாவும் மேடையும். திரையில் தாய் மகனைக் கட்டிக்கொண்டு, "என் கண்ணே, என் ராஜா" என்று ஊரறியக் கதறுகிறாள். கிராமத்துத் தாய் அப்படிச் செய்தால் அவள் அன்பைச் சந்தேகிப்பார்கள். நம் வெகுஜனக் கலை, மக்கள் வழக்கத்திலிருந்து எவ்வளவு தூரம் விலகியது என்பதை ஓர் அமெரிக்கப் பெண்மணியின் நூல் வழியாக அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ட்ராவிக்கின் நூலில் குறை இல்லையா? உண்டு. ஒரே ஒரு குடும்பம், அதுவும் நிலமுள்ள, தமிழ் கற்ற குடும்பம். புலவரின் விளக்கங்கள் நூலாசிரியரின் காதில் அதிகம் ஒலிக்கின்றன. திருக்கோவையாரில் கண்ட மயக்கத்தைத் திண்ணையிலும் அவர் காண்கிறார்; இரண்டும் இவ்வளவு அழகாகப் பொருந்தும்போது எனக்குச் சற்று சந்தேகம் வருகிறது. வாழ்க்கை அப்படிச் செய்யுள் போல மடங்குவதில்லை. கூலி வேலைக்குப் போகும் தாய்க்குத் தன் அன்பை அடக்கவும் நேரம் வேண்டுமே! பாமா 1994-இல் எழுதிய 'சங்கதி'யில் வரும் பெண்கள் களையெடுக்கப் போன இடத்திலும் பிள்ளையைப் பற்றிய நினைப்போடு திரிகிறார்கள். அவர்களின் வீட்டில் அடக்கம் வேறு வகை, ஏச்சும் சிரிப்பும் கலந்தது. நியாயமாகச் சொன்னால் ட்ராவிக்குக்கும் இது தெரியும். 1986-இல், மார்கரெட் எக்னார் என்ற பெயரில், பறையர் பெண்களின் அழுகைப் பாடல்களைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். குடும்பத்தைப் பற்றிய பெரிய நூலோடு அந்தச் சிறு கட்டுரையையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரில் வைத்துப் பார்க்க வேண்டியது சுதீர் கக்கர் 1978-இல் எழுதிய நூல். இந்தியக் குழந்தையின் உள்ளுலகத்தை உளப்பகுப்பாய்வு வழியாக விளக்க முயன்றது. பெரும் செல்வாக்குப் பெற்றது. மணமாகி அந்நிய வீட்டுக்கு வரும் பெண்ணுக்கு அங்கே மதிப்புக் கிடைப்பது ஆண்பிள்ளை பெற்ற பிறகுதான். ஆகவே அவள் அந்தப் பிள்ளைமேல் தன் ஆசை முழுவதையும் கொட்டுகிறாள். அவனும் அவளைத் தெய்வமாகவும் விழுங்கும் பூதமாகவும் மாறி மாறிக் காண்கிறான் என்பது அதன் சாரம். நுட்பமான எழுத்து. ஆனால் நான் முதலில் சொன்ன கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இங்கே யார் பேசுகிறார்கள்? மகன். அடிக்குறிப்புகளோடு பேசுகிறான், அவ்வளவே வித்தியாசம். மகள் வளர்வதைப் பற்றிச் சில பக்கங்கள் உண்டு; நூலின் மையம் அங்கே இல்லை. ஆய்வு நூல் என்பதால் அதைச் 'தாயைக் காத்த தனயன்' பக்கத்தில் வைக்கத் தயங்க வேண்டியதில்லை.

இன்னொன்று. அந்நிய வீட்டுக்கு வரும் பெண் என்று கக்கர் சொல்வது வடக்கத்திய நடைமுறை. இதைப் பூனாவில் இருந்த ஐராவதி கார்வே 1953-லேயே 'இந்தியாவில் உறவுமுறை அமைப்பு' பற்றிய நூலில் பிரித்துக் காட்டிவிட்டார். வடக்கே பெண்ணைத் தெரியாத ஊருக்கு, தெரியாத வீட்டுக்குக் கொடுக்கிறார்கள். தெற்கே மாமன் மகன், அத்தை மகன், சில இடங்களில் தாய்மாமன் என்று முன்பே உறவான வீட்டுக்குள்ளேயே பெண் போகிறாள். நம் மொழியைக் கவனித்தால் போதும். அப்பாவின் தங்கையும் அத்தை, மாமியாரும் அத்தை. பிறந்த நாளிலிருந்து மடியில் உட்கார்ந்த அத்தைதான் ஒரு நாள் மாமியார் ஆகிறாள். அதற்காக அங்கே சண்டை இல்லை என்று யாரும் சொல்லவில்லை! சண்டைக்கு வேறு இலக்கணம் என்பதே விஷயம். அத்தையோடு போடும் சண்டையில் அம்மாவும் அவள் அண்ணனும் சேர்ந்தே மாட்டிக்கொள்வார்கள்.

மும்பையில் இருக்கும் நமக்கு இந்த வேறுபாடு முக்கியமாகத் தோன்றுகிறது. 2000-இல் தொடங்கி 2008 வரை ஓடிய 'க்யோங்கி சாஸ் பீ கபீ பஹு தீ' நம் வீடுகளிலும் தான் ஓடியது. அதில் வரும் மாமியார் கார்வே சொன்ன வடக்கத்திய மாமியார். அதே காலத்தில் சன் டிவியில் 1999-இல் தொடங்கிய 'சித்தி' தொடர், அம்மாவின் தங்கையையும் மாற்றாந்தாயையும் ஒரே சொல்லால் அழைக்கும் தமிழ் வழக்கத்தை எடுத்துக்கொண்டு, கொடுமைக்காரச் சித்தி என்ற பழைய வார்ப்பைத் திருப்பிப் போட்டது. கலையழகு என்று பார்த்தால் இரண்டுக்கும் நான் வக்காலத்து வாங்கமாட்டேன். ஆனால் உறவுமுறை என்ற அளவில் 'சித்தி' தன் மண்ணில் நின்றது. பிறகு வந்த தமிழ்த் தொடர்கள் பலவற்றில் சேலையும் நகையும் மட்டும் நம்முடையவை, மாமியார் இரவல்.

கார்வே சொன்ன அந்தத் தாய்மாமன் வழியாகத் தாலாட்டுக்குள் நுழையலாம். பெர்சி மாக்வீன் என்ற ஆங்கிலேயர் திரட்டியவற்றைக் கி.வா.ஜகந்நாதன் பதிப்பித்து 'மலையருவி' என்ற பெயரில் 1958-இல் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் வெளியிட்டது. நா.வானமாமலை அறுபதுகளில் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' கொண்டுவந்தார். இத்தகைய தொகுப்புகளில் உள்ள தாலாட்டுகளைக் குழந்தைக்கான பாட்டு என்று நினைத்துப் படித்தால் ஏமாந்துபோவீர்கள். குழந்தை ஒரு சாக்கு. பாடுகிறவள் பேசுவது தன் அண்ணன் தம்பியைப் பற்றி; அவன் கொண்டுவந்த, அல்லது கொண்டுவராத, சீரைப் பற்றி; பிள்ளை இல்லாமல் சுற்றிய கோவில் குளங்களைப் பற்றி; புகுந்த வீட்டார் சொன்ன சொல்லைப் பற்றி. அழும் பிள்ளையிடம் உன்னை அடித்தது யார் என்று கேட்டு, மாமனா, அத்தையா என்று வரிசையாக உறவுகளை அழைத்துக் கொஞ்சலாக விசாரணை நடத்துகிறாள். பக்கத்து அறையில் படுத்திருக்கும் மாமியார் காதில் விழவேண்டியது விழுந்துவிடும். நேரே சொன்னால் சண்டை. தொட்டிலை ஆட்டிக்கொண்டு சொன்னால் பாட்டு.

இதுதான் தாயே பேசும் இடம். சினிமாவும் தாலாட்டை எடுத்துக்கொண்டது, ஆனால் அதைப் பெரும்பாலும் தியாகத்தின் பின்னணி இசையாக்கிவிட்டது. மாமனும் சீரும் வசவும் உதிர்ந்து போயின. ஆய்வுத் தொகுப்புகள் சொற்களைக் காப்பாற்றின, அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அவையும் ஒரு காரியத்தைக் கோட்டைவிட்டன. பெரும்பாலான பாட்டுகளுக்குக் கீழே பாடியவள் பெயர் இல்லை. அவளுக்கு எத்தனை பிள்ளை, அன்று வீட்டில் யார் இருந்தார்கள், யார் காதில் விழப் பாடினாள் என்ற குறிப்பு இல்லை. தாலாட்டின் பொருளே யார் காதில் விழுகிறது என்பதில்தானே இருக்கிறது? வெளியூரில் பிள்ளைப்பேறு பார்க்க ஊரிலிருந்து இரண்டு நாள் ரயிலேறி வந்த நம் அம்மாக்கள் தாராவியிலும் செம்பூரிலும் பாடியதை யாராவது அப்படிக் குறித்து வைத்தார்களா என்று கேட்டால், சங்கத்து நூலக அலமாரியில் அப்படி ஒரு நோட்டுப் புத்தகம் என் கண்ணில் பட்டதில்லை.

இதுவரை பேசியது உருவங்களைப் பற்றி. இனி உயிரைப் பற்றி. 1986 ஜூனில் 'இந்தியா டுடே' உசிலம்பட்டிப் பகுதியில் பெண் சிசுக்கள் கொல்லப்படுவதைப் பற்றி எழுதியது. தாயைத் தெய்வமாக்கிய படங்கள் முப்பது ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த அதே தமிழ்நாடு. 1992-இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது. 1994-இல் பாரதிராஜாவின் 'கருத்தம்மா' வந்தது. 1997-இல்தான் ஷீலா ராணி சுங்கத்தும் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில், ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளை வைத்து எந்தெந்த மாவட்டங்களில் எவ்வளவு என்று புள்ளிவிவரத்தோடு எழுதினார்கள். ஆண்டு வரிசையைப் பாருங்கள். பத்திரிகை முதலில், சினிமா அடுத்து, முறையான ஆய்வு அதற்குப் பின். வெகுஜன ஊடகம் எப்போதும் பின்தங்கி நிற்கும் என்ற எண்ணத்தை இந்த வரிசை உடைக்கிறது.

'கருத்தம்மா' குறையில்லாத படம் என்று சொல்லமாட்டேன். இரண்டாம் பாதியில் வழக்கமான வில்லத்தனமும் வெட்டுக்குத்தும் நுழைந்துவிடுகின்றன. ஆனாலும் தமிழ்ச் சினிமாவில் அரிதாகப் படத்தின் பெயர் மகளின் பெயர். தப்பிப் பிழைத்த மகள்தான் கடைசியில் தகப்பனுக்குச் சோறூட்டுகிறாள்; கொல்லச் சொன்ன அவனைக் கொல்லப்படவிருந்தவள் காப்பாற்றுகிறாள். 'தாயைக் காத்த தனயன்' வந்து 32 ஆண்டுகளுக்குப் பின் வந்த திருத்தம் என்று இதைக் கொள்ளலாம்.

எண்களின் பக்கம் பார்த்தால், ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண்குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் பெண்குழந்தைகள் 1991-இல் 948, 2001-இல் 942, 2011-இல் 943. சேலம் மாவட்டத்தில் 2001-இல் 851 மட்டுமே; பிறகு ஓரளவு தேறியது. இந்த எண்களைத் திரட்டியவர்களுக்கு நன்றி சொல்லியே ஆகவேண்டும். அவர்கள் இல்லாவிட்டால் எல்லாம் ஊர்வம்பு என்று தள்ளப்பட்டிருக்கும். ஆனால் சுகாதாரப் பதிவேட்டில் ஒரு கட்டம் இருக்கிறது. குழந்தை இறந்த காரணம் என்று. அதில் பெற்றவளின் வாக்குமூலம் ஏறாது. பிள்ளையைப் பெற்று மூன்று நாளில் அந்த அறைக்குள் யார் வந்தார்கள், மாமியாரா, கணவனா, அவள் சரி என்றாளா, அவளிடம் கேட்கவே இல்லையா, எதுவும் அதில் இல்லை. கேள்வி கேட்ட நிருபரிடம் சில பெண்கள் வரதட்சணையைப் பற்றிப் பேசினார்கள். தாலாட்டில் அண்ணன் சீரைப் பற்றிப் பாடியவளும் இவளும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். ஒருத்தி பிறந்த வீட்டிலிருந்து வரவேண்டியதை எண்ணுகிறாள், மற்றவள் பெண்ணைப் பெற்றதால் கொடுக்கவேண்டியதை எண்ணுகிறாள். நாட்டுப்புறவியலும் மக்கள்தொகையியலும் தனித்தனிக் கட்டடத்தில் இருப்பதால் இந்த இரண்டு கணக்கும் ஒரே பேரேட்டில் எழுதப்படவில்லை.

மகளைப் பெற்ற தாயை நெருக்கமாகப் பார்த்த ஒரு தமிழ் எழுத்தைக் காட்டு என்றால் நான் காட்டுவது 'அம்மா ஒரு கொலை செய்தாள்' என்ற சிறுகதை. அம்பை எழுதியது, 1976-இல் வந்த 'சிறகுகள் முறியும்' தொகுப்பில் இருக்கிறது. அம்பைதான் சி.எஸ்.லக்ஷ்மி. மேலே சொன்ன 1990 கட்டுரையை எழுதியவரும் இவரே, பல்லாண்டுகளாக நம் மும்பைவாசி, 1988-இல் இங்கே 'ஸ்பாரோ' என்ற பெண்கள் ஆவணக் காப்பகத்தைத் தொடங்கியவர், 2021-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது பெற்றவர். ஆய்வும் கதையும் ஒரே கையால் எழுதப்பட்டிருப்பதால் ஒப்பிட வசதி.

கதையில் கறுப்பு நிறச் சிறுமி ஒருத்தி அம்மாவை நினைக்கிறாள். அவள் நினைவில் அம்மா ஒளி வீசுகிறவள். அவள் தொட்டால் எதுவும் அழகாகிவிடும். அந்த அம்மா உறவுப் பெண் ஒருத்தியைப் பெண் பார்க்க வருவதால் வெளியூர் போயிருக்கிறாள். அந்த நாட்களில் சிறுமி பருவமடைகிறாள். வீட்டில் மற்றவர்கள் என்னவோ சொல்கிறார்கள், ஒன்றும் புரியவில்லை. அம்மா வந்தால் எல்லாம் சரியாகிவிடும், அவள் சொல்லும் ஒரு வார்த்தை போதும் என்று காத்திருக்கிறாள். அம்மா வருகிறாள். அங்கே மாப்பிள்ளை வீட்டார் பெண் கறுப்பு என்று வேண்டாம் என்றுவிட்டார்கள். அந்த எரிச்சலோடு வந்தவள், இதற்கு இப்போது என்ன அவசரம், இது வேறு பாரமா என்கிற பொருளில் எரிந்து விழுகிறாள். அவ்வளவுதான் கதை. கத்தியும் இல்லை, ரத்தமும் அந்தச் சிறுமியுடையதுதான்.

இந்தக் கதையில் வரும் அம்மா கெட்டவள் அல்ல. சந்தை நிலவரத்தைப் பார்த்துவிட்டு வந்தவள். கறுப்பான பெண்ணுக்கு என்ன விலை என்பதை அன்று காலையில்தான் இன்னொரு வீட்டுத் திண்ணையில் கண்ணால் கண்டவள். தன் வீட்டிலும் ஒரு கறுப்புப் பெண் இன்று அந்தச் சந்தைக்கு வயது வந்துவிட்டாள் என்ற செய்தி அவளை வாசலிலேயே அறைகிறது. ட்ராவிக் சொன்ன அடக்கம் இங்கே இல்லை. மறைத்துவைத்த அன்பு என்று சொல்லி இவளைக் காப்பாற்ற முடியாது. புறநானூற்றுத் தாயின் வீரமும் இல்லை. பயம் இருக்கிறது, மகனைப் பிடித்துக்கொண்டு அழுத சினிமாத் தாயின் அதே பயம், ஆள் மட்டும் மகள். 1990 கட்டுரை இந்தப் பயத்தின் அரசியலை விளக்குகிறது, யார் இதனால் லாபம் அடைந்தார்கள் என்று கணக்குக் கேட்கிறது; ஆனால் அதில் வரும் தாய்மார்கள் சுவரொட்டியில் இருப்பவர்கள். கதையில் இருப்பவள் செருப்பைக் கழற்றிக்கூட வைக்காத அம்மா. சேலத்துப் பதிவேட்டில் ஏறாத அந்த வாக்குமூலம் எந்தத் தொனியில் இருந்திருக்கும் என்று ஊகிக்க எனக்குக் கிடைத்த ஒரே இடம் அந்த அம்மாவின் ஒற்றை வாக்கியம்தான்.